புள்ளிக்கோடு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நான்கு அட்டைப்பெட்டிகளை விட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அவை கார் ஷெட்டில், அம்மாவின் இரும்புப் பீரோவுக்கும் மருந்து மேசைக்கும் பிரித்துச் சாய்த்த கட்டிலுக்கும் பக்கத்தில், எண் போடப்பட்டு நின்றன. ஒன்று: துணிமணி. இரண்டு: மருந்து, ரேடியோ, மூக்குக்கண்ணாடியின் உபரி ஜோடி. மூன்று: அப்பாவின் படம், புத்தகங்கள். நான்கு: வரைபலகை, ஸ்கேல்கள், பென்சில்கள். எண்கள் நான்கும் ஒரே உயரத்தில் இருந்தன. அரசாங்க டிராயிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கோடு போட்ட அம்மாவின் கை வேறு மாதிரி எழுதாது.

"ஒரே ஒரு நாள்தாம்மா. போட்டோ எடுத்து முடிச்சதும் நானே எல்லாத்தையும் பழையபடி வெச்சுடறேன்" என்று மூத்தவள் சொல்லியிருந்தாள். அம்மாவும் சரி என்றிருந்தாள்.

மூத்தவளுக்கு வீடுகளின் உள்ளே வேலை. எந்தச் சுவர் நிற்க வேண்டும், எந்தச் சுவர் போக வேண்டும், சோபா என்ன நிறம், விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று அவள் சொன்னால் நகரத்தில் பாதிப் பேர் கேட்பார்கள். இந்த வீடே அவள் கைவண்ணம். ஒரு காலத்தில் மூட்டை அடுக்கிய கிடங்கு. பூசாத செங்கல், இரும்பு உத்தரம், இரண்டு ஆள் உயர ஜன்னல். மாப்பிள்ளை கப்பலில் வேலை. எட்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். அம்மா தன் பழைய வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து பதினோரு மாதமாகிறது. "கிழக்குப் பக்கம் ஜன்னல் வெச்சு உனக்குன்னு ஒரு ரூம் போட்டிருக்கேம்மா" என்று மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக வந்தவள்.

இன்று சனிக்கிழமை. வீட்டலங்காரப் பத்திரிகை ஒன்றிலிருந்து காலை எட்டரைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி, ஒரு போட்டோக்காரர், வாடகைச் சாமான் ஏற்றிய ஒரு வேன்.

வேனிலிருந்து இறங்கியவை: இரட்டைக் கட்டில் ஒன்று, வெள்ளைப் பூச்சாடி மூன்று, காய்ந்த கோதுமைக் கதிர் ஒரு கட்டு, யாரும் உட்காராத நாற்காலி ஒன்று, புத்தகங்கள் இரண்டு பெட்டி. புத்தகங்களை மூத்தவளே அலமாரியில் அடுக்கினாள். முதுகு சுவர்ப்பக்கமாகவும் தாள் வெளிப்பக்கமாகவும்.

அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி திருப்பி வெக்கிறே? என்ன புக்குன்னே தெரியாதே."

"தெரியக் கூடாதும்மா. அட்டைக் கலர் எல்லாம் கண்ணை இடிக்கும்."

"அப்ப எடுத்துப் படிக்கணும்னா?"

"யாரும் படிக்க மாட்டாங்கம்மா."

"அதானே பாத்தேன்" என்றாள் அம்மா.

போட்டோக்காரர் சிரித்துவிட்டார். அவர் சமையல்மேடையில் ஒரு மரக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பழம். கேமராவுக்குள் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். "ஒத்தைப்படையா இருந்தாத்தாம்மா அழகு. இது கூடுதல். நீங்களே வெச்சுக்கங்க."

அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி கேட்டாள். "மேடம், படங்களோட வீட்டு பிளானையும் போடறோம். ஒரு காப்பி வேணுமே?"

மூத்தவள் குழாயிலிருந்து ஒரு சுருளை உருவி, சமையல்மேடையின் காலி ஓரத்தில் விரித்தாள். ஓரம் சுருண்டுகொண்டு வந்தது. நான்கு மூலையிலும் நான்கு கோப்பையை வைத்தாள். மேலே எதுவோ சரிந்த சத்தம் கேட்டது. "ஐயோ, அந்தக் கண்ணாடி!" என்று மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள்.

மேடையருகே அம்மா மட்டும் நின்றாள்.

மூத்தவள் செய்த தவறு அது ஒன்றுதான். வேறு எந்த வீட்டிலும் அது தவறே இல்லை. வேறு எந்த அம்மாவும் அந்தத் தாளைப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பாள்.

இந்த அம்மாவின் கண் பழக்கப்படி முதலில் கீழ் வலது மூலைக்குத்தான் போனது. அங்கே கட்டங்கள் இருக்கும். வரைந்தவர்: மூத்தவள் பெயர். சரிபார்த்தவர்: காலி. திருத்தம்: மூன்று. அதற்கு நேரே தேதி.

தேதியை அம்மா இரண்டு முறை படித்தாள். பதினான்கு மாதம் முந்தைய தேதி.

பிறகு தன் அறையைத் தேடினாள். கிழக்குப் பக்கம், பன்னிரண்டுக்குப் பத்து, ஜன்னல் சொன்ன இடத்தில் சரியாக இருந்தது. அறை நடுவே எழுதியிருந்தது: 'விருந்தினர் அறை'. உள்ளே ஓர் இரட்டைக் கட்டில், பெட்டி வைக்கும் மேடை, சுவரோடு ஒட்டிய கண்ணாடி அலமாரி. எல்லாம் அழுத்தமான முழுக்கோட்டில்.

அவற்றின் மேலேயே மெல்லியதாக வேறு சில உருவங்கள். ஒற்றைக் கட்டில். பீரோ. மருந்து மேசை. ஜன்னலோரம் சாய்வாக ஒரு வரைபலகை. அளவு பிசகாமல் எல்லாம் அம்மாவுடையவை. எல்லாம் புள்ளிக்கோட்டில்.

அவசரப்படக் கூடாது என்று அம்மா தனக்கே சொல்லிக்கொண்டாள். புள்ளிக்கோடு என்றால் சில இடங்களில் வேறொன்றுக்குப் பின்னால் மறைந்திருப்பது என்றும் அர்த்தம் வரும். தாளின் ஓரத்துக் குறிப்புக்குப் போனாள். பொடி எழுத்து. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள்.

'முழுக்கோடு: நிலையானவை. புள்ளிக்கோடு: தற்காலிகம், பின்னர் அகற்றப்பட வேண்டியவை.'

எங்கேயும் ஒரு பிழை இல்லை. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் சண்டை போடாமல் இருக்க, பழைய டிரேசிங் தாளைக் கொடுத்து உட்கார வைத்த காலத்தில், நிற்பதற்கு எந்தக் கோடு, போவதற்கு எந்தக் கோடு என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். பெண் அதை மறக்கவில்லை.

அம்மா கோப்பைகளைத் தொடவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

*

ஒன்பதரைக்கு இளையவன் வந்தான். அக்கா வைத்த பட்டப்பெயர் 'ஊர்சுத்தி'. அதுவேதான் பிழைப்பும். சனி, ஞாயிறுகளில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவான். எந்தக் கதவு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, எந்தப் பால்கனிக்கு எத்தனை வயது என்றெல்லாம் வாய் வலிக்கச் சொல்வான். இன்று பதினாறு பேர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. 'அம்மாவுக்குக் காற்று வாங்கின மாதிரி இருக்கும்' என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். படத்துக்குள் அம்மா வந்துவிடக் கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இவங்க யாரு சார், உங்க அம்மாவா?" என்று தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்.

"ஆமா! இன்னைக்கு நம்ம ஸ்பெஷல் கெஸ்ட்!" என்றான் இளையவன் உற்சாகமாக.

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

கூட்டம் கிடங்குத் தெருவைத் தாண்டி, கடிகாரம் நின்றுபோன கட்டடத்தைத் தாண்டி, ஒரு சுழல்படிக்கட்டின் முன்னால் நின்றது. பதினாறு பேரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இளையவன் அம்மா பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"கால் வலிக்குதாம்மா?"

"இல்லைடா. காலைல பிளானைப் பாத்தேன்."

"எந்தப் பிளான்?"

"வீட்டு பிளான். என் ரூம்."

அவன் முகம் சட்டென்று மாறியது. "அக்கா சொல்லிட்டாளா?"

அம்மா பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள்.

"அவ ஒண்ணும் சொல்லலை. நீ சொல்லு. என்ன சொல்லணுமாம்?"

இளையவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்த பார்வை. யாரும் கூப்பிடவில்லை.

"அது... முடிவு ஒண்ணும் ஆகலைம்மா. சும்மா ஒரு பேச்சு. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் எங்க வீட்லன்னு..."

"யாரு பேசினது?"

"நானும் அக்காவும்."

"எப்ப?"

"போன வருஷம்."

"வீட்டை விக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதெல்லாம் எப்படிம்மா ஞாபகம் இருக்கும்!"

எதிர்க்கட்டடத்தின் உத்தரத்துக்கு வயது கேட்டால் மாதத்தோடு சொல்லக்கூடியவன் அவன்.

"சரி. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை. நேரம் பாத்துச் சொல்லணும். அவளுக்கும் வேலைல டென்ஷன்..."

"ஒரு வருஷமா நேரம் பாக்குறே."

"அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க."

"அப்ப அந்தப் பக்கத்து ஆறு மாசமும் புள்ளிக்கோடுதான்" என்றாள் அம்மா.

அவனுக்கு அது புரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண், "சார், இந்தப் படி எங்க போகுது?" என்று கேட்க, தப்பித்தோம் என்று ஓடினான்.

அடுத்த சந்தில் கூட்டம் முழுக்க இடதுபுறம் பார்த்தது. அங்கே ஒரு பழைய வங்கியின் முகப்பு; சுண்ணாம்பில் செய்த திராட்சைக் கொத்துகள். இளையவன் குரலை உயர்த்தி அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா மட்டும் வலதுபுறம் பார்த்தாள்.

பிரிண்ட் கடை. டிராயிங் ஆபீசில் வரைந்ததையெல்லாம் நகல் எடுக்க நாள் தவறாமல் வந்த கடை. நகல் எடுக்கும் அமோனியாவின் நெடியில் அப்போது கண் எரியும். இப்போது ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. கல்லாவில் இருந்தவள் மட்டும் மாறவில்லை, தலைமுடிதான் வெளுத்திருந்தது.

"டிராயிங் அக்கா! நீங்களா! அடக் கடவுளே, எங்க போய்ட்டீங்க இத்தனை நாளா? செத்துட்டீங்கன்னு நெனைச்சு ஒரு நாள் கடையைக் கூட மூடலாம்னு பாத்தேன்!"

"மூடினியா?"

"இல்லைக்கா. அன்னைக்குன்னு நல்ல வியாபாரம்."

அம்மா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. கடைக்காரியின் தலைக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: 'மாடியில் ஓர் அறை வாடகைக்கு.'

"மேல காலியா இருக்கா?"

"காகிதம் போட்டு வெச்சிருந்த ரூம்தான்க்கா. ஏன், யாருக்கு?"

"படி எத்தனை?"

"பதினாலு."

"கைப்பிடி?"

"ஒரு பக்கம் இருக்கு."

"ஜன்னலோரம் பலகை போட இடம் இருக்குமா? ரெண்டுக்கு மூணு."

கடைக்காரி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இருபது வருஷம் நகல் எடுத்துக் கொடுத்தவளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நானே அளந்து வெக்கிறேன்க்கா" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் முடிவில்லை. ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதுக்குப் பதில் தெரிஞ்சதும் சொல்றேன்."

எதிரில் திராட்சைக் கொத்துகளின் கதை முடிந்தது. பதினாறு பேரும் கைதட்டினார்கள். இளையவன் தலைகளை எண்ணிவிட்டு, முன்னால் நடந்தான்.

*

பன்னிரண்டு மணிக்கு அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும், பத்திரிகைப் பெண்மணி அவளைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"இவங்களை உட்கார வெச்சு ஒண்ணு எடுக்கலாமே மேடம்! எல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு. பெரியவங்க ஒருத்தர் இருந்தா வீட்டுக்கு ஒரு உயிர் வரும்."

மூத்தவள் தயங்கினாள். பிறகு, "வாம்மா, அஞ்சு நிமிஷம்தான்" என்றாள்.

கிழக்கு அறைக்குக் கூட்டிப்போனார்கள். பதினோரு மாதம் படுத்து எழுந்த அறைதான். இப்போது இரட்டைக் கட்டில், சாம்பல் நிற விரிப்பு, மூலையில் கோதுமைக் கதிர். யாரும் உட்காராத நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துக் கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா. உங்க வீடுதானே!" என்றார் போட்டோக்காரர்.

அம்மா அளவாகச் சிரித்தாள். பெண்மணி குறிப்பேட்டைத் திறந்தாள்.

"படத்துக்குக் கீழ என்ன போடட்டும் மேடம்? இது அம்மாவோட ரூமா?"

பாக்கி இருந்த கேள்வி அதுதான். அம்மா அதைக் கேட்காமலேயே வேறொருவர் கேட்டுவிட்டார். 'ஆமாம்' என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் பிளானைப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் பெட்டிகளைப் பிரித்து, ரேடியோவைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம்.

மூத்தவள் அம்மாவைப் பார்க்கவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கத்தை நீவினாள்.

"கெஸ்ட் ரூம்னே போட்டுடுங்க" என்றாள்.

போட்டோக்காரர் ஒரு முறை சொடுக்கினார்.

அவர்கள் மாடிக்குப் போனதும், அம்மா சமையலறையில் மகளைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்த விருந்தாளிக்குடி ரூம்? இந்த வீட்டுக்கு விருந்தாளின்னு வர்றது உன் புருஷன் ஒருத்தர்தான். அதுவும் எட்டு மாசத்துக்கு ஒரு தடவை."

"அம்மா, பிளான்ல அப்படி இருக்கு. பிளானும் படமும் வேற வேறயா வந்தா தப்பாயிடும்."

"பிளான்ல தேதியும் இருக்கு."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"பதினாலு மாசம். நான் வீட்டை விக்க ஒத்துக்கிட்டது ஒரு வருஷம் முன்னாடி. கிழக்கு ஜன்னல்னு நீ சொன்னப்ப என் கட்டில் ஏற்கெனவே புள்ளிக்கோட்டுல இருந்திருக்கு."

"நீ எதுக்கும்மா தேதியெல்லாம் பாக்குறே?"

"முப்பத்தொரு வருஷம் அதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க."

மூத்தவளின் கண் கலங்கியது. அதோடு கோபமும் வந்தது. "உனக்குப் புரியாதும்மா. எங்கிட்ட வர்ற ஆளுங்க என் வேலையைப் பாக்க வர்றது இந்த வீட்டுக்குத்தான். கதவைத் திறந்தா இரும்புப் பீரோ, மருந்து வாசனை, ரேடியோ சத்தம்... எத்தனை தடவை அந்தக் கதவைச் சாத்திட்டு அவங்களைக் கூட்டிட்டுப் போறேன் தெரியுமா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உன்னைத் தெருவுலயா விடப் போறோம்?"

"தெருவுல விடறதா இருந்தா தெருன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். ஜன்னல்னு சொல்லிருக்க வேணாம்."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே? பிளானைத் திருத்தி உன் பேரை எழுதணுமா?"

"நீ எழுத வேணாம்" என்றாள் அம்மா.

மேலிருந்து போட்டோக்காரர் கூப்பிட்டார். மொட்டைமாடியில் வெயில் சரியும்போது ஒரு படம் வேண்டுமாம். மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

*

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் கிளம்பினார்கள். வாடகைச் சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. இளையவன் அம்மாவைப் பார்க்க வந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"அம்மா எங்கக்கா?"

"ஷெட்டுல இருக்கும். பெட்டியைக் கிளறிக்கிட்டு."

ஷெட்டில் கட்டில் இருந்தது. பீரோ இருந்தது. பெட்டிகள் நான்கும் இல்லை.

மூத்தவள் வேன்காரருக்குப் போன் போட்டாள்.

"ஆமா மேடம், நாலு பெட்டி, இன்னொரு சாமான். அம்மா ஏத்தச் சொன்னாங்க, இறக்கிட்டேன். மாடிப்படி வேற. ஒரு பெட்டில என்னங்க, பாறாங்கல்லா இருந்துச்சு?"

"எங்க இறக்கினீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. பெரியவங்க பேச்சு, மீற முடியுமா? முன்னாடி சீட்ல உட்கார்ந்து எனக்கே வழி சொன்னாங்க மேடம். ஒரு சந்து தப்பலை."

அம்மாவின் எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இளையவன் சமையலறையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா. இங்க வா."

பிளான் விரித்தபடியே இருந்தது. கோப்பைகளை யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சுருளாமலிருக்கத் தாளின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது. கீழ் வலது மூலையில், மூன்றாவது திருத்தத்துக்குக் கீழே, சிவப்புப் பென்சிலில் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு புதிய கட்டம். எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம்.

'திருத்தம் நான்கு. இன்றைய தேதி. புள்ளிக்கோட்டில் காட்டியவற்றில் மேசையும் வரைபலகையும் அகற்றப்பட்டன. கட்டில், பீரோ: திங்கட்கிழமை.'

பதினான்கு மாதமாகக் காலியாக இருந்த 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அம்மாவின் கையெழுத்து.

மருந்து மேசையையும் காணோம் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

மூத்தவள் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். சிவப்பு விரலில் ஒட்டியது. சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

"காலைல உன்கூடத்தானே வந்தா? எங்கெல்லாம் போனீங்க? எங்கயாவது நின்னாளா? யார்கிட்டயாவது பேசினாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுடா."

இளையவன் யோசித்தான். நின்றுபோன கடிகாரம் ஞாபகம் வந்தது. சுழல்படிக்கட்டு ஞாபகம் வந்தது. வங்கி முகப்பில் திராட்சைக் கொத்துகள் எத்தனை என்பதுகூட ஞாபகம் வந்தது, இருபத்திரண்டு.

அதற்கு எதிர்ப்பக்கம் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்கு வரவில்லை.